குளிரை அறியும் மூங்கில்



மார்கழி விடியலில் தாமல் ஏரிக்கரையில் நடந்தால் பல் கிட்டுகிறது என்கிறோம். வெப்பமானியைப் பார்த்தாலோ அது 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும்! அதே நாட்களில் உதகமண்டலத்துப் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழுந்து, புல்வெளி உப்புப் பூத்தது போல வெளுத்துக் கிடக்கும். மனிதன் அடுப்போரம் போய் ஒண்டிக்கொள்வான். ஆடு மாடுகள் கொட்டிலுக்குள் போகும். வேரூன்றி நிற்கும் செடி எங்கே போகும்?

தாவரவியல் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், குளிருது என்று செடிக்கு யார் சொல்வது?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. ஆனால் அறிஞர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டு விடை தேடிய கேள்வி அது.

மூங்கிலையே எடுத்துக்கொள்வோம். அது மரம் அன்று, புல். நெல்லுக்கும் கோதுமைக்கும் உறவு. வெப்ப நாடுகளே அதன் பெரும் வீடு. இருந்தும் நீலகிரி, பழனி மலைச் சோலைகளில் 2,000 மீட்டருக்கு மேலேயும் முன்பு அருண்டினேரியா இனத்தில் வைக்கப்பட்டிருந்த மெல்லிய மூங்கில்கள் புதர்களாக வளர்கின்றன. (பழனி மலைத் தாவரங்களை அறிய விரும்புவோர், திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினட் தாவர உலர்காட்சியகத்தை நிறுவிய இயேசு சபைக் குரு கே. எம். மாத்யூ அடிகளார் 1999இல் வெளியிட்ட நூல்தொகுதியைப் பார்க்கலாம். மலை மலையாக ஏறி இறங்கிச் சேகரித்த செல்வம் அது.) சீனத்தின் மோசோ மூங்கிலோ, நீர் உறையும் நிலைக்குப் பல டிகிரி கீழே போனாலும் பச்சை மாறாமல் நிற்கிறது.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். செடியின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி, கொழுப்புப் பொருளால் ஆன மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதைப் போலவே சவ்வும் விறைக்கிறது. விறைத்தவுடன் அதிலுள்ள நுண்ணிய வழிகள் திறந்து, கால்சியம் செல்லுக்குள் பாய்கிறது. இதுதான் முதல் மணியோசை.

மணியோசை கேட்டு எழுவது யார்? மரபணுக்கள், அதாவது ஜீன்கள். பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்குச் செல்லும் விதியை 1865இல் பட்டாணிச் செடிகளைக் கொண்டு எடுத்துரைத்தவர் மெண்டல் என்ற அகஸ்தினார் சபைத் துறவி என்பதைப் படித்திருக்கிறீர்கள். ஆனால் எல்லா ஜீன்களும் எப்போதும் வேலை செய்வதில்லை. வீட்டில் எல்லா விளக்குகளையும் பகலிலும் எரிப்பதுண்டா? வேண்டும்போது தூண்டப்படும் ஜீன்களும் உண்டு. அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறு செடியில் அத்தகைய ஒன்றை 1997இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் கண்டனர். சி.பி.எஃப். என்று அதற்குப் பெயர். குளிர் பட்ட 15 நிமிடங்களில் அது விழித்துக்கொள்கிறது. பிறகு அது வேறு பல ஜீன்களை எழுப்புகிறது. அவை சர்க்கரையைச் சேர்க்கின்றன. சவ்வின் கொழுப்பை இளக்கமானதாக மாற்றுகின்றன. செல்லின் நீர் வற்றிவிடாமல் காக்கும் புரதங்களைச் செய்கின்றன. உறைபனியில் பெரும்பாலும் பனிக்கட்டி முதலில் செல்லுக்கு வெளியே உருவாகி, உள்ளிருக்கும் நீரை உறிஞ்சிவிடுகிறது. ஆகவே பனியில் கருகும் செடி ஒரு விதத்தில் தாகத்தால் சாகிறது!

சரி, சி.பி.எஃப்.ஐ எழுப்புவது யார்? அதற்கான விடைகளுள் முக்கியமான ஒன்றை 2003இல் வெளியிட்டவர்களுள் முதல் பெயர், புது டில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த விஸ்வநாதன் சின்னுசாமி. ஐ.சி.இ.1 என்ற அந்தப் புரதம் செல்லுக்குள் முன்னதாகவே காத்திருக்கிறது. குளிர் வந்ததும் செயல்படத் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் அந்த எழுத்துக்களைச் சேர்த்துப் படித்தால் 'ஐஸ்' என்று வரும். அறிஞர்களுக்கும் குறும்பு உண்டு!

அப்படியானால் சி.பி.எஃப்.ஐ எந்நேரமும் விழித்திருக்கச் செய்துவிட்டால் என்ன? செய்து பார்த்தார்கள். செடி குளிரைத் தாங்கியது. ஆனால் குள்ளமாகிப் போனது. காவலுக்கே உணவு செலவானால் வளர்ச்சிக்கு ஏது? குளிர் வராத நாளில் ஐ.சி.இ.1ஐ அடக்கி வைக்கவும் செல்லுக்குள் ஏற்பாடு இருக்கிறது.

மோசோ மூங்கிலின் மரபணுத் தொகுதியைச் சீன அறிஞர்கள் 2013இல் வெளியிட்டனர். அதில் சுமார் 32,000 ஜீன்கள். சி.பி.எஃப். குடும்பத்தின் உறவுகள் அதிலும் இருக்கின்றன. மூங்கிலுக்கு இந்த ஆராய்ச்சி வேண்டியதன் காரணம் வேறு. நெல்லில் இரு வகைகளைக் கலந்து கலப்பின விதை காண ஒரு பருவம் காத்தால் போதும். பல மூங்கில் வகைகளோ பல பத்தாண்டுகளுக்கு ஒரு முறைதான் பூக்கும். நம் முள் மூங்கில் பூக்க 30 ஆண்டுக்கு மேல் ஆகும். கலப்பினம் செய்ய நினைப்பவர் தம் வாழ்நாளில் ஒரு பூவைப் பார்த்தாலே பாக்கியம். ஜீன்களைப் படித்தறிந்தால் எந்த நாற்று குளிர் தாங்கும் என்பதைப் பூவுக்குக் காத்திராமலே ஓரளவு சொல்ல முடியும்.

கேள்வி கேட்ட அந்த மாணவி மறுநாளும் வந்தாள். அவள் அப்பா நவரைப் பட்டத்துக்கு நாற்று விட்டிருந்தாராம். இருபது நாளாகியும் நாற்று மஞ்சளாக, எழும்பாமலே நின்றதாம். விதை மோசமோ, உரம் போதவில்லையோ என்று வீட்டில் ஒரே பேச்சு. கடன் வாங்கி வாங்கிய விதை. "அதுவும் குளிரா டீச்சர்?" என்றாள்.

குளிராகவும் இருக்கலாம் என்றேன். நெல்லில் கோல்டு1 என்றொரு ஜீனைச் சீன அறிஞர்கள் 2015இல் அறிவித்தார்கள். குளிர்ந்த நாடுகளில் விளையும் ஜப்பானிகா நெல்லில், அந்த ஜீனின் ஓர் எழுத்து மாறியிருப்பதால் அது குளிரை உணர்ந்து தாங்குகிறது. நாம் பயிரிடும் இண்டிகா நெல்லில் அந்த மாற்றம் பொதுவாக இல்லை. ஆயிரக்கணக்கான எழுத்துகள் கொண்ட ஜீனில் ஒரே ஓர் எழுத்து! வேறு குறையும் இருக்கலாமாகையால் உழவர் அலுவலரிடம் நாற்றைக் காட்டச் சொன்னேன். பொங்கல் விடுமுறை முடிந்து வந்தவள், வெயில் ஏற ஏற நாற்றும் ஏறுகிறது, பறித்து நடப் போகிறோம் என்றாள்.