ப்ராசஸர் நூறு சதவீதமா? முதலில் காரணம் கேளுங்கள்

சர்வர் திணறுகிறது, இணையதளம் திறக்கவில்லை. டாப் கட்டளையை ஓட்டிப் பார்த்தால், யாரும் திறந்து வைக்காத ஏதோ ஒரு பின்னணிப் புரோகிராம் ப்ராசஸரை முழுதாக விழுங்கிக்கொண்டிருக்கிறது. இந்த நிலைக்கென்றே கைவைத்தியம் போல மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன: பட்டியலில் முதலில் நிற்பதைக் கில் செய், சர்வரை ரீஸ்டார்ட் செய், அதற்கும் அடங்காவிட்டால் பெரிய சர்வர் வாங்கு. சில நேரம் பலிப்பதால்தான் இவை நிலைத்திருக்கின்றன. ஆனால் மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே பிழை. திரையில் தெரியும் சதவீதம் நேரம் எங்கே செலவாகிறது என்பதைக் காட்டுமே தவிர, ஏன் செலவாகிறது என்பதைக் காட்டாது. அந்த ‘ஏன்’ தெரியும் முன்பே கைவைத்தால் கோளாறு மறையலாம், தீராது.

நம்பிக்கை 1: பட்டியலில் முதலிடத்தில் இருப்பதே குற்றவாளி.

உண்மை: அது வேலை செய்கிறது என்பது மட்டுமே உறுதி, அந்த வேலையை அதன் தலையில் கட்டியது யார் என்பது தனிக் கேள்வி. லினக்ஸில் கே-ஸ்வாப்-டி என்ற பெயர் மேலே வந்தால் பலர் வைரஸ் என்று பதறுகிறார்கள். அது லினக்ஸின் மையமான கர்னலின் சொந்த இழை. மெமரி தீர்ந்துவரும்போது பயன்படாத பக்கங்களை விடுவித்து இடம் தேடித் தருவது அதன் பணி. அது ஓயாமல் ஓடினால், வேறு ஏதோ ஒன்று மெமரியை நிரப்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இதைவிடத் தெளிவான சான்று 2012 ஜூன் 30 நள்ளிரவில் கிடைத்தது. உலகப் பொது நேரத்தில் ஒரு லீப் வினாடி சேர்க்கப்பட்டதும், ரெட்டிட், மொசில்லா உட்படப் பல இடங்களில் லினக்ஸ் சர்வர்கள் தடுமாறின. ஜாவா, மைஎஸ்க்யூஎல் போன்றவை ப்ராசஸரை உச்சத்துக்கு ஏற்றின. அவற்றில் பிழை இல்லை. கர்னலின் டைமர் கணக்கு ஒரு வினாடி பிசகியிருந்தது. அதனால் ‘அரை வினாடி காத்திரு’ என்ற வேண்டுகோள், ‘நேரம் முடிந்தது’ என்று அந்தக் கணமே திரும்பியது. புரோகிராம் மறுபடி கேட்டது, மறுபடி அதே பதில் வந்தது. ஜாவாவைக் கில் செய்து மீண்டும் ஓட்டினாலும் அது அதே சுழலில்தான் விழும். சர்வரின் கடிகாரத்தை ஒருமுறை மறுபடி அமைத்ததும் சுழல் நின்றது. பட்டியலின் முதல் வரியில் அந்த விடைக்கான தடயமே இல்லை.

நம்பிக்கை 2: லோடு ஏறிவிட்டால் ப்ராசஸர் போதவில்லை, பெரிய சர்வர் வேண்டும்.

உண்மை: லினக்ஸ் காட்டும் லோடு ஆவரேஜ் ப்ராசஸருக்காக வரிசையில் நிற்பவற்றை மட்டும் எண்ணுவதில்லை. டிஸ்க்கிலிருந்தோ நெட்வொர்க் வழிச் சேமிப்பிலிருந்தோ பதில் வராமல், இடையில் எழுப்ப முடியாத உறக்கத்தில் இருக்கும் ப்ராசஸ்களையும் சேர்த்தே எண்ணுகிறது. 1993 முதலே இதுதான் வழக்கம். எனவே நான்கு கோர் கொண்ட சர்வரில் லோடு நாற்பதைத் தொட்டும் ப்ராசஸர் பெரும்பாலும் சும்மா இருக்கக்கூடும். அங்கே கோரைக் கூட்டுவது வீண் செலவு. ப்ராசஸர் உண்மையிலேயே நிரம்பியிருந்தாலும், காரணம் அளவுக் குறைவாக இருக்க வேண்டியதில்லை. 2019 ஜூலை 2 அன்று, இணையதளங்களுக்கு முன்னால் நின்று அவற்றைக் காக்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் சர்வர்கள் உலகம் முழுவதும் ஒரே சமயத்தில் நூறு சதவீதத்தை நெருங்கின. அதன் பின்னால் இருந்த இணையதளங்கள் சுமார் 27 நிமிடம் தவித்தன. பாதுகாப்பு விதி ஒன்றில் புதிதாகச் சேர்த்த, எழுத்துகளில் வடிவம் தேடும் ஒரே ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன்தான் காரணம். பொருத்தம் கிடைக்காதபோது அது பின்னால் போய்ப் போய் எல்லாச் சேர்க்கைகளையும் முயன்று பார்த்தது. உள்ளீடு நீள நீள, வேலை அதைவிடப் பல மடங்காகப் பெருகும் அமைப்பு அது. இரட்டிப்பு வேகமுள்ள ப்ராசஸரும் சற்று நேரத்தில் அதே இடத்தில் வந்து நின்றிருக்கும்.

நம்பிக்கை 3: கில் செய்து அடங்கிவிட்டால், பிரச்சினை தீர்ந்தது.

உண்மை: அடங்கியது அறிகுறி மட்டுமாக இருக்கலாம். கின்சிங் என்ற தீநிரல், பாதுகாப்பின்றித் திறந்து கிடக்கும் டாக்கர், ரெடிஸ் சர்வர்களில் புகுந்து கிரிப்டோ நாணயம் தோண்டும் புரோகிராமை ஓட்டுகிறது. கர்னல் இழை ஒன்றின் பெயரோடு கடைசியில் ஓர் எழுத்தை மட்டும் கூட்டி அது வேடமிடுகிறது. அதைக் கில் செய்தால், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் அட்டவணையில் விதைத்து வைத்த வரி சற்று நேரத்தில் அதை மறுபடி இறக்கி ஓட்டும். புகுந்த வழியை அடைக்காதவரை இது ஓயாது. இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 2024 மார்ச்சில், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குவோரில் ஒருவரான ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட், எஸ்எஸ்எச் சேவை வழக்கத்தைவிட அதிகமாக ப்ராசஸரைத் தின்பதையும், உள்நுழைய சுமார் அரை வினாடி கூடுதலாக ஆவதையும் கவனித்தார். அதை ஒதுக்கிவிடாமல் நேரம் எங்கே போகிறது என்று அளந்து பார்த்தார். அது எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளின் நூலகத்தில் போய் நின்றது. அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு வைத்த பின்கதவு அம்பலமானது. பெரும்பாலான நிலையான லினக்ஸ் வெளியீடுகளுக்குள் அது நுழையும் முன்பே பிடிபட்டது. காரணம் தெரியாத ஒரு சிறு சுமையை அவர் சாட்சியாக மதித்ததால் கிடைத்த பலன் இது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் எளிமையானது: வாடிக்கையாளர் காத்திருக்கும்போது ஆராய்ச்சிக்கு நேரம் ஏது? சேவையை மீட்பதே முதல் கடமை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆராய்வதும் மீட்பதும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம் தவறு. கிளவுட்ஃப்ளேரிலேயே, ஓடிக்கொண்டிருந்த சர்வரின் ப்ராசஸர் தரவை எடுத்துப் பார்த்தவர்களும், எஸ்ட்ரேஸ் என்ற கருவி கொண்டு உறுதி செய்தவர்களும்தான் பாதுகாப்பு விதிப் பகுதியைச் சுட்டிக்காட்டினார்கள். அதன் பிறகே எதை அணைப்பது என்பது தெளிவானது. அவசரத்திலும் செய்யக்கூடியவை இவை: ப்ராசஸர் நேரம் பயனர் பகுதியிலா, கர்னலிலா, டிஸ்க்குக்கான காத்திருப்பிலா, மெய்நிகர் சர்வரானால் அதே இயந்திரத்தில் ஓடும் அண்டை சர்வர்கள் எடுத்துக்கொண்டதா என்று டாப் காட்டும் பகுப்பைப் பாருங்கள். அந்த ப்ராசஸைத் தொடங்கியது எது, அதன் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ப்ராசஸர் நேரம் எங்கே போகிறது என்று பெர்ஃப் கருவியால் சில வினாடிப் பதிவு ஒன்றை எடுத்து வையுங்கள். மூச்சுவிட இடம் வேண்டுமென்றால், உடனே கில் செய்யாமல் நைஸ் மதிப்பை 19க்கு உயர்த்தி முன்னுரிமையைக் குறைக்கலாம். சிஸ்டம்டி சேவையானால் சிபியு வரம்பு போடலாம். பேக்கப், தேடல் அட்டவணை போன்ற நியாயமான பின்னணி வேலைகளுக்குப் பல நேரம் இதுவே நிரந்தரத் தீர்வாகிவிடும்.

வேலை செய்வதற்காகத்தான் ப்ராசஸர் இருக்கிறது. அது நிரம்பி ஓடுவதே குற்றமல்ல. காரணம் தெரியாமல் நிரம்புவதுதான் கவலைக்குரியது. ரீஸ்டார்ட் செய்தால் மெமரியில் இருந்த சான்றெல்லாம் அழிந்துவிடும். அடுத்த முறை அதே கோளாறு வரும்போது, இன்று நின்ற அதே இடத்தில்தான் நாமும் நிற்போம். சர்வரைக் கவனிக்கும் எவரும் இதை விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்: பதிவு எடுக்காமல் ரீஸ்டார்ட் இல்லை.