மகனின் புகைப்பழக்கம்

கேள்வி: 16 வயதான என் மகன் அரசலாற்றங்கரையில் நண்பர்களோடு கூடிச் சிகரெட் பிடிக்கிறான். கண்டித்தும், சத்தியம் வாங்கியும் பயனில்லை. என்ன செய்வது?
— ஒரு தாய், காரைக்கால்.

பதில்: அம்மா, என்றோ வரக்கூடிய புற்றுநோயைச் சொல்லி அச்சுறுத்துவதால், மரணத்தைத் தனக்குச் சம்பந்தமற்ற தூரதேசமாகக் கருதும் அவ்வயதில் விளையும் பிரயோஜனம் சொற்பமே. பந்தாடுகையில் மூச்சு இரைப்பதும், கைப்பணம் கரைவதும் அவன் இன்றே உணரும் பிரத்தியட்ச உண்மைகளாதலால், அவற்றை அவன் வாயாலேயே சொல்லும்படி சாந்தமாக வினவுங்கள். நிகோடினின் வேட்கை எழுந்த சில நிமிஷங்களில் தணிந்துவிடும் என்பதையும், விட்ட முதல் வாரத்தில் மிகும் எரிச்சலும் நித்திரைக் குறைவும் பின்னர்ப் படிப்படியாகக் குறையும் என்பதையும் வீட்டார் முன்னரே அறிந்து, அந்நாட்களில் அவன் சிடுசிடுப்பைப் பொறுத்துத் துணைநிற்க வேண்டும். தகப்பனாருக்கும் அப்பழக்கம் உண்டெனில், அவரும் உடன் விடுவதற்கு ஈடான ஔஷதம் வேறில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். சத்தியம் மீறப்பட்டால் பொய்யன் என்று தூஷிக்காமல், எந்தச் சந்தர்ப்பத்தில் மீறினான் என்று ஆராயுங்கள். பெரும்பாலும் அது சிநேகிதர்கள் கூடும் வேளையாகவே இருக்கும். 1800-112-356 என்ற தேசிய இலவசத் தொலைபேசியில் ஆலோசகரோடு அவனே பேசலாம். 2003-ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோருக்கும், கல்விச்சாலைகளிலிருந்து 100 கெஜத்துக்குள்ளும் புகையிலை விற்பதைத் தடுப்பதால், விற்ற கடைக்காரரைத் தாங்கள் தயக்கமின்றிக் கேட்கலாம்.