நெய்தலின் ஆறு பொழுதுகள் – பரங்கிப்பேட்டைக் கழிமுக ஆய்வு: ஒரு நோக்கு

முன்னுரை

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளெனக் கொண்டது தமிழரின் அகப்பொருள் மரபு. முல்லைக்குக் கார், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் என வரையறுத்த இலக்கண மரபு, மருதத்திற்கும் நெய்தலுக்கும் ஆறு பெரும்பொழுதுகளையும் உரியவாக்கியது. இவ்விதியை நாம் தேர்வுக்காக மனத்திற் கொள்கிறோம். கடற்கரையில் நின்று எண்ணிப் பார்ப்பதில்லை. கழிமுகம் ஒன்றில் ஓராண்டுக் காலம் நிகழும் அறிவியல் ஆய்வை நோக்கின், நெய்தலை ஒரு பொழுதில் அடக்க இயலாது என்பது தெளிவாகும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுக் களம்

கடலூர் மாவட்டத்தில் வெள்ளாறு வங்கக் கடலொடு கலக்குமிடத்தில் அமைந்தது பரங்கிப்பேட்டை. மஹ்மூது பந்தர் என்றும் போர்ட்டோ நோவோ என்றும் வணிகர் நாவில் வழங்கிய பழந்துறைமுகம் இது. பேராசிரியர் ஆர்.வி. சேஷையா அவர்களின் முயற்சியால் வளர்ந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரின உயராய்வு மையம் இங்குள்ளது. இதற்குத் தெற்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே பிச்சாவரம் அலையாத்திக் காடு பரந்து கிடக்கின்றது. சிதம்பரத்திற்குப் பெயர் தந்த தில்லை மரமும், இலக்கியம் பேசும் கண்டலும் இக்காட்டுக்கு உரியனவே.

ஆண்டின் நாற்கூறு

இங்குள்ள ஆய்வாளர்கள் ஆண்டினைப் பருவமழைக் காலம், பின்மழைக் காலம், கோடை, முன்மழைக் காலம் என நான்காகப் பகுப்பர். குறித்த இடங்களுக்குத் திங்கள்தோறும் சென்று நீரின் வெப்பம், உப்பின் அளவு, கரைந்துள்ள உயிர்வளி, சத்துப் பொருள்கள் ஆகியவற்றை அளப்பர். நுண்ணிய வலையால் மிதவை உயிரிகளைச் சேகரிப்பர்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெள்ளம் பெருகுங்கால் கழிமுக நீர் ஏறத்தாழ நன்னீராகவே மாறும். வண்டல் கலங்குதலால் கதிரொளி ஆழம் புகாது. மிதவைப் பாசிகள் குறையும். ஆயின் அவ்வெள்ளமே நிலத்தின் சத்துகளைக் கொணர்ந்து சேர்க்கும். ஜனவரிக்குப் பின் நீர் தெளியத் தெளிய, உப்பின் அளவு ஏறும். கோடையில் அது கடல்நீரின் அளவாகிய, கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 35 கிராமை எட்டும், பாசிகளும் பெருகும். கடலில் முட்டையிடும் இறாலினங்களின் இளங்குஞ்சுகள் கழிக்குள் புகுந்து, அலையாத்தி இலைகள் மக்கி உருவாகும் உணவில் வளர்ந்து, மீண்டும் கடல் புகும். மழைக்கால வெள்ளத்தை மட்டும் கண்டவர் இக்கழியை வளமற்றது என்பர்; கோடையை மட்டும் கண்டவர் ஆற்றின் உதவியை மறப்பர். இருவர் கூற்றும் பிழையே.

ஒரு தவறும் அதன் திருத்தமும்

இப்பிழை ஏட்டளவில் நிற்பதன்று. பிச்சாவரக் காடு அழிந்து வந்தபோது, விறகு வெட்டியும் மாடு மேய்த்தும் ஊர்மக்களே கெடுத்தனர் என்னும் பழி எழுந்தது. ஆராய்ந்தவழி வேறோர் உண்மை புலப்பட்டது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலந்தொட்டு 1970-கள் வரை, காட்டைப் பகுதி பகுதியாக முற்றும் வெட்டும் முறை நிலவியது. மரமிழந்த சேற்றுநிலம் வெயிலில் காய்ந்து சுருங்கித் தொட்டிபோல் தாழ்ந்தது. உட்புகுந்த ஓதநீர் வெளியேறாது தேங்கி ஆவியாக, மண்ணில் உப்பு மிகுந்தது, இளங்கன்றுகள் மடிந்தன. மார்கழியில் சென்றவர்க்கு அப்பள்ளம் மழைநீர்க் குளமாகவே தோன்றும். அதன் கொடுமை கோடையிலன்றோ விளங்கும்!

நோய்முதல் தெரிந்தபின் மருந்தும் தெரிந்தது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் இணைந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினர். ஓதம் ஏறியும் இறங்கியும் உப்பைக் கழுவியது. நடப்பட்ட கன்றுகள் தழைத்தன. பழி சுமந்தவர்களே காட்டை மீட்டவர்களாயினர். 2022-ஆம் ஆண்டில் பிச்சாவரம், ராம்சர் உடன்படிக்கையின்படி பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பெற்றது.

முடிவுரை

பண்டை இலக்கணிகள் உப்பை அளந்து விதி செய்தனர் என்று நாம் கூற வரவில்லை. அவ்வாறு கூறுதல் இலக்கியத்திற்கும் அறிவியலுக்கும் நீதியாகாது. எனினும், எப்பொழுதும் நெய்தற்கு உரித்து என்ற மரபும், ஆண்டு முழுதும் அளந்தாலன்றித் தீர்ப்புக் கூறேன் என்னும் ஆய்வாளரின் நெறியும் ஒன்றையொன்று விளக்குவன. இலக்கியம் பயிலும் மாணவர்கள் ஒருமுறையேனும் அக்கழியை மழையிலும் வெயிலிலும் சென்று காணுதல் வேண்டும். முழுதும் காணாமுன் ஒரு நிலத்தையோ அதன் மக்களையோ பழித்தல் கூடாது என்னும் பாடத்தை அங்கே கற்கலாம்.