காம்பு வலியோடு ஆபீஸுக்குத் திரும்ப வேண்டாம்

இரண்டாவது பிரசவம் முடிந்து வார்டுக்கு வந்ததும் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே." நர்ஸம்மாகூட பக்கத்துக் கட்டிலில் இருக்கும் தலைப்பிரசவக்காரியிடம்தான் அதிக நேரம் நிற்பார். முதல் குழந்தைக்கு ஒன்றரை வருஷம் பால் கொடுத்தவள், இப்போது போய் 'காம்பு வலிக்கிறது' என்று சொன்னால் சிரிப்பார்களோ என்ற கூச்சத்தில் வாயே திறக்க மாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு கொடுப்பாள்.

வீட்டில் இருக்கும்வரை இந்தப் பல்லைக் கடிக்கும் வேலை எப்படியோ ஓடிவிடும். வேலைக்குப் போகத் தொடங்கினால் ஓடாது. புண்பட்ட காம்பில் பம்ப் வைக்க முடியாது. வைக்காமல் ஒரு வேளையைத் தள்ளிப்போட்டால் பால் கட்டும். கட்டிய மார்பில் சாயங்காலம் குழந்தையால் சரியாக வாய் வைக்க முடியாது, காம்பு நுனியை மட்டும் கடித்துச் சப்பும். மறுநாள் புண் இன்னும் பெரிதாகும். அதனால் மகப்பேறு விடுப்புக்குள் முடிக்கவேண்டிய வேலைகளில் இதை முதலில் வையுங்கள். பேபி சிட்டர் தேடுவதுகூட அப்புறம்தான்.

நேரம் நிறைய இருக்கிறது என்று நினைக்காதீர்கள். 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் வந்த திருத்தத்திலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. அதில் 8 வாரம்வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். மூத்ததையும் வைத்துக்கொண்டு நிறைமாதத்தில் பஸ் ஏற முடியாமல் பலர் அதை முன்னாலேயே எடுத்துவிடுகிறார்கள். எடுத்தால் கையில் மிஞ்சுவது 18 வாரம், அதாவது நான்கு மாதம் சொச்சம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். மிச்ச இரண்டு மாதத்தை பம்ப்தான் ஓட்ட வேண்டும். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021-லிருந்து 12 மாத விடுப்பு இருப்பதால் இந்த நெருக்கடி இல்லை.

இரண்டாவது முறை ஏன் வலிக்கிறது? நீங்கள் அனுபவசாலி, உங்கள் குழந்தை இல்லை. இது வேறு வாய், வேறு நாக்கு. இன்னொன்றையும் யாரும் யோசிப்பதில்லை. பால் கொடுத்ததில் உங்கள் கைக்கு நினைவிருப்பது முதல் குழந்தையின் கடைசி மாதங்கள். நடந்து வந்து மடியில் ஏறி, தானே முந்தானையை விலக்கிக் குடித்த குழந்தை அது. அதற்கு நீங்கள் எதையும் பிடித்துவிட வேண்டியதில்லை. அதே அலட்சியமான பிடியில் பிறந்து மூன்று நாளான குழந்தையை வைத்தால், அதன் தலை பின்னால் சரிந்து வாயில் காம்பு மட்டும் நிற்கும். கூடவே மூத்தது ஒரு பக்கம் தோளைப் பிடித்து இழுக்கும். அதற்குத் திரும்பிப் பதில் சொன்னால் உங்கள் உடம்போடு மார்பும் திரும்பும், குழந்தையின் பிடி நழுவும். மூத்ததுக்கு என்று சில பொம்மைகளை ஒரு கூடையில் போட்டு, பால் கொடுக்கும் நேரத்தில் மட்டும் வெளியே எடுங்கள்.

முதல் சில நாட்களில் குழந்தை சப்பும்போது அடிவயிறு சுருட்டிப் பிடிப்பதும் இரண்டாவது பிரசவத்தில் அதிகம். கர்ப்பப்பை சுருங்குவதால் வரும் வலி அது. அந்த வலியில் நாம் முன்னால் குனிந்து விறைத்துக்கொள்வோம், குழந்தையின் பிடி கெடும். டாக்டரிடம் கேட்டு வலி மாத்திரை போட்டுக்கொள்வதில் தவறில்லை. பாராசிட்டமால் பால் கொடுப்பவர்களுக்கும் வழக்கமாகத் தரப்படுவதுதான்.

இனி பிடியைப் பார்ப்போம். சாய்ந்து உட்காருங்கள், குனியாதீர்கள். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். காதும் தோளும் இடுப்பும் ஒரே கோட்டில் இருக்கட்டும். அதன் மூக்குக்கு நேராகக் காம்பை வைத்து, மேலுதட்டில் லேசாக உரசுங்கள். வாய் கொட்டாவி விடுவதுபோல் அகலமாகத் திறக்கும்வரை பொறுங்கள். அரைகுறையாகத் திறந்ததும் திணிப்பதில்தான் பாதி வலி தொடங்குகிறது. திறந்ததும் குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள், மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகாதீர்கள். முதலில் படவேண்டியது தாடை. கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். காம்பைச் சுற்றிய கருவட்டம் மேலே கொஞ்சம் தெரியலாம், கீழே பெரும்பாலும் வாய்க்குள் போயிருக்க வேண்டும். சிசேரியன் தையல் இருந்தால் குழந்தையைக் கைக்கடியில், விலாப் பக்கமாக வைத்துக் கொடுங்கள். வயிற்றில் பாரம் விழாது.

முதல் அரை நிமிடம் சுரீர் என்று இருந்து அப்புறம் அடங்கினால், ஆரம்ப நாட்களில் அது சகஜம். அடங்காமல் வலித்துக்கொண்டே இருந்தால் பிடி தப்பு. சுண்டுவிரலைக் குழந்தையின் வாயோரமாக ஈறுகளுக்கு இடையே நுழைத்து, காற்று புகுந்த பிறகு எடுத்து மறுபடி வையுங்கள். ஒரு வேளையில் நான்கு தடவை எடுத்து வைத்தாலும் பரவாயில்லை. 'எப்படியோ குடிக்கிறதே, விடு' என்று அத்தை சொல்வார். கேட்காதீர்கள்.

குழந்தை விட்டதும் காம்பைப் பாருங்கள். அதன் வடிவமே விஷயத்தைச் சொல்லிவிடும். கொஞ்சம் நீண்டு, உருண்டையாக இருந்தால் நல்ல பிடி. ஒரு பக்கம் சீவிய லிப்ஸ்டிக் முனை மாதிரி சாய்ந்திருந்தால் மேலண்ணத்தில் நசுங்கியிருக்கிறது. எத்தனை முறை திருத்தியும் அப்படியே வந்தால், குழந்தையின் நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறதா என்று குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்கள். குடித்து முடித்ததும் காம்பு வெள்ளை வெளேரென்று வெளிறி, பிறகு நீலமோ சிவப்போ ஆகி எரிந்தால் ரத்தக்குழாய் சுருக்கமாக இருக்கலாம். குளிர் பட்டால் இது மோசமாகும். பல வேளை இதற்கும் மூலம் தப்பான பிடியே. வீட்டில் ஒன்றும் தெரியாமல் ஏசி ஆபீஸுக்குப் போனதும் தலைதூக்கும் வலி இது. பம்ப் எடுத்ததும் உடனே மூடிக்கொள்வதும், உள்ளங்கைச் சூடு படும்படி அழுத்திக்கொள்வதும், ஏசி நேராக அடிக்காத இடத்துக்கு நாற்காலியை மாற்றுவதும் உதவும். குறையவில்லை என்றால் இதற்கு மாத்திரை இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள்.

ஏற்கனவே வெடித்துவிட்டதா? அதிகம் தடவ வேண்டாம். சொந்தப் பாலில் இரண்டு சொட்டைக் காம்பில் தடவிக் காயவிடுவதே போதும். கடையில் வாங்கும் லானோலின் களிம்பு இதைவிடப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை என்பதுதான் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டது. எதைத் தடவினாலும் தடவாவிட்டாலும் பெரும்பாலானவர்களுக்குப் பிரசவமான 7 முதல் 10 நாளில் வலி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதற்கு மேலும் நீடித்தால் களிம்பை மாற்றாதீர்கள், பிடியைத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். சோப்புப் போட்டுக் கழுவினால் தோலின் இயற்கை எண்ணெய் போய்விடும். தேன் தடவவே கூடாது. ஒரு வயதுக்குள் தேன் குழந்தைக்கு ஆபத்து. வலி குறைந்த பக்கத்தில் முதலில் கொடுங்கள். பாலில் கொஞ்சம் ரத்தம் கலந்து போனாலும் குழந்தைக்குக் கெடுதல் இல்லை.

மார்பு சிவந்து சூடாகி, காய்ச்சலும் குளிரும் வந்தால் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். அதுவரை பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். அழுத்திப் பிசைந்து கட்டியைக் கரைக்கும் பழைய வழக்கம் வீக்கத்தைக் கூட்டும். குளிர்ந்த ஒத்தடம்தான் இப்போது சொல்லப்படுகிறது. குழந்தையின் வாயில் துடைத்தால் போகாத வெள்ளைப் படலம் இருந்து, உங்கள் காம்பும் பளபளவென்று சிவந்து எரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். இரண்டு பேருமே வைத்தியம் செய்துகொள்ள வேண்டும்.

அடுத்தது பம்ப். முதல் குழந்தைக்கு வாங்கியது பரணில் இருக்கும். தூசி தட்டி எடுத்து நேராக மாட்டுவதுதான் இரண்டாவது தடவைத் தாய்மார்களின் வழக்கமான தப்பு. அதன் சிலிகோன் வால்வும் சவ்வும் தளர்ந்திருக்கும், இழுவை குறைந்திருக்கும். பால் வரவில்லையே என்று நீங்கள் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவீர்கள், காம்பு புண்ணாகும். மோட்டார் நன்றாக இருந்தால் வால்வு, சவ்வு, குழாயை மட்டும் புதிதாக மாற்றுங்கள். மார்பில் வைக்கும் புனலின் அளவையும் பாருங்கள். பெட்டியோடு வருவது பெரும்பாலும் 24 மில்லிமீட்டர். அது எல்லாருக்கும் பொருந்தாது, போன குழந்தைக்குப் பொருந்தியது இப்போதும் பொருந்தும் என்பதும் இல்லை. பம்ப் ஓடும்போது காம்பு மட்டும் உள்ளே சுவரில் உரசாமல் போய்வர வேண்டும். கருவட்டமும் சேர்ந்து இழுபட்டால் புனல் பெரிது. காம்பு சுவரோடு இறுகித் தேய்ந்தால் சிறிது. அழுத்தத்தை மெல்லக் கூட்டி, வலி தொடங்கும் இடத்துக்கு ஒரு படி முன்னால் நிறுத்துங்கள். வேலைக்குச் சேர இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே தினம் ஒரு வேளை பழகுங்கள்.

விடுப்பு முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஹெச்ஆருக்கு மெயில் போடுங்கள். நேரில் பேசக் கூச்சமாக இருந்தால் மெயில்தான் வசதி. நீட்டி எழுத வேண்டாம்: "வேலைக்குத் திரும்பிய பின் காலை 11 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் நர்சிங் பிரேக் தேவைப்படும். உள்ளே தாழ்ப்பாளும் பிளக் பாயின்ட்டும் உள்ள ஓர் அறையை ஒதுக்கித் தரவும்." சலுகை கேட்பதாக நினைக்காதீர்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, சாப்பாட்டு இடைவேளை போக, பால் கொடுக்க தினம் இரண்டு இடைவேளை என்பது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. அதன் இடத்தில் வந்திருக்கும் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், அங்கே தினம் நான்கு முறை போய்வரத் தாய்க்கு அனுமதியும் உண்டு. கழிவறையில் போய் எடுத்துக்கொள்ளச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது பிள்ளை குடிக்கப்போகும் பால். இடைவேளை உறுதியானதும் காலண்டரில் அந்த நேரத்தைப் பூட்டிவையுங்கள். 'இந்த மீட்டிங் முடியட்டும்' என்று ஒத்திப்போட ஆரம்பித்தால், முன்பு சொன்ன பால்கட்டுச் சுழலுக்குள்தான் விழுவீர்கள்.

ஜவுளிக்கடையிலோ மில்லிலோ வேலை பார்ப்பவர்களுக்கு அறையும் பிளக்கும் கனவு. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்பதற்கே 2021-இல்தான் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. இவர்கள் கையால் பீய்ச்சக் கற்றுக்கொள்வது நல்லது. செலவும் இல்லை, காம்புக்கும் பம்பைவிட மென்மை. கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் கருவட்டத்தின் விளிம்பில் எதிரெதிராக வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றுசேர்த்து விட வேண்டும். தோல்மேல் விரல் வழுக்கக் கூடாது, காம்பைப் பிடித்து இழுக்கவே கூடாது. வழியில் அவசரமானால், 2015-லிருந்து தமிழகப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் இருக்கின்றன.

எடுத்த பால் 25 டிகிரிவரை உள்ள அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். நம் ஊர் மே மாதத்தில் அந்தக் கணக்கு செல்லாது, நேராக ஐஸ் பேக் வைத்த பைக்குள் போடுங்கள். ஒரு நாள் தாங்கும். ஃப்ரிட்ஜின் உள்தட்டில் நான்கு நாள். வீட்டில் இருப்பவர் அதைப் பாலாடையில் கொடுக்கப் பழகினால், குழந்தை பாட்டில் நிப்பிளின் பிடிக்குப் பழகிவிட்டு உங்களிடம் வந்து காம்பைக் கடிக்கும் தொல்லை இராது.

வீடு திரும்பியதும் மார்பு கல்லாக இருந்தால் உடனே குழந்தையை வைக்காதீர்கள். காம்பைச் சுற்றி விரல் நுனிகளால் ஒரு நிமிடம் உள்நோக்கி அழுத்திப் பிடித்து, கருவட்டம் மெத்தென்று ஆனபின் வையுங்கள். பல் முளைக்கிற மாதங்களில் குழந்தை கடித்தால், கத்தி வெடுக்கென்று இழுக்கத் தோன்றும். அப்படி இழுத்தால் தோல் கிழியும். குழந்தையை மார்போடு இன்னும் இறுக்கி அணையுங்கள், மூச்சுக்காக அதுவே வாயைத் திறக்கும். கடி பெரும்பாலும் பசி தீர்ந்த பிறகு வரும் விளையாட்டு. விழுங்கும் சத்தம் நின்றதும் சுண்டுவிரலைக் கொடுத்து எடுத்துவிடுங்கள்.