சன்னலோரக் கறிவேப்பிலையும் கத்தரிக்கோலும்

இலையைத் தின்பதற்காகவே வளர்க்கும் செடியில் இலை பறிக்க மனம் வராதவர்களை நான் டொராண்டோவிலேதான் அதிகம் கண்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்து வளவிலே கிணற்றடியில் தானாக முளைத்துக் கூரைக்கு மேல் ஓங்கி நின்ற கறிவேப்பிலையை ஒரு பொருட்டாக மதியாதவர்கள், இங்கே ஸ்காபரோவில் தெற்குச் சன்னலோரம் தொட்டியிலே முழங்கால் உயரம் நிற்கும் கன்றைக் கண்ணுக்குள் வைத்துப் பேணி, தாளிதத்துக்குக்கூட அதில் ஒரு நெட்டு முறிக்கத் தயங்கி, கடையிலே வாங்கிய இலையைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். அந்த அன்பைக் குறைகூற எனக்கு அதிகாரம் இல்லை. ஆயினும் அதனாலே செடிக்கு விளைவது, ஒற்றைத் தண்டும் உச்சியிலே நாலைந்து நெட்டுமாக நிற்கிற ஒரு பரிதாப ஸ்திதிதான் என்பதைப் பல குளிர்காலங்களாகப் பார்த்து வருகிறேன்.

இதற்குக் காரணம் செடியின் சுபாவத்திலேயே இருக்கிறது. தண்டின் நுனிக் குருத்தில் ஊறுகின்ற ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் கீழ்நோக்கி இறங்கி, ஒவ்வோர் இலைக்கக்கத்திலும் உறங்குகிற மொட்டுகளை விழிக்கவொட்டாமல் அடக்கி வைக்கிறது. 1930-களில் திமன், ஸ்கூக் என்ற இரு விஞ்ஞானிகள் அவரைக்குலத்துச் செடியின் நுனியைக் கொய்து, அந்த இடத்திலே இப்பொருளை வைத்துப் பார்த்து, பக்க மொட்டுகள் தலையெடாமல் அடங்கியே இருந்ததைக் காட்டினார்கள். நுனி இருக்கும்வரை செடி உயரத்தையே நாடும். நுனியைக் கொய்தாலோ, கணுவுக்குக் கணு உறங்கிய மொட்டுகளில் இரண்டோ மூன்றோ விழித்துக் கிளையாகும். கிளைக்குக் கிளை புதிய இலை. ஆகவே இலை வேண்டுமென்றால் தண்டைத்தான் வெட்ட வேண்டும்.

எங்கள் தெருவிலே இருக்கும் முதியவர் ஒருவர், நான் கத்தரிக்கோலும் கையுமாக நிற்பதைக் கண்டு, "தம்பி, இலையை இணுங்கும், காரியமில்லை, கண்டிலை மட்டும் கத்தி வையாதையும்" என்று பதைபதைத்தார். அவருடைய வீட்டிலே அடிப்பக்கத்து நெட்டுகளிலிருந்து நாளொன்றுக்கு நாலு இலையாக இணுங்கி வந்திருக்கிறார்கள். வெறும் ஈர்க்குகள் மாத்திரம் தண்டிலே எஞ்சி, காய்ந்து, பிறகு உதிர்ந்து போயின. இப்படிச் செய்வதால் செடிக்கு ஆகாரம் சமைத்துக் கொடுக்கின்ற முதிர்ந்த இலைகள் போகின்றனவே தவிர, நுனி அப்படியே இருப்பதால் கிளை ஒன்றும் வருவதில்லை. பறிப்பதானால் நெட்டை அடியோடு, தண்டைச் சேரும் இடத்திலே ஒடிக்க வேண்டும். அதைக் காட்டிலும் உத்தமம், நுனித் தண்டையே மூன்று நான்கு நெட்டுகளோடு சேர்த்து, கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக நறுக்கிவிடுவது. குழம்புக்கும் அது போதும், செடிக்கும் அது நன்மை. நறுக்கிய இடத்தின் கீழே இலைக்கக்கத்தை நாள்தோறும் உற்றுப் பார்த்தால், முதலில் தோல் சற்றே புடைத்து, பிறகு வெளிறிய பச்சையிலே ஒரு புள்ளி தோன்றி, அதுவே மடித்த சிறு குருத்தாக நீளுவதைக் காணலாம். கத்தரிக்கோலை வெட்டுவதற்கு முன்னே ஸ்பிரிட்டிலே துடைத்துக்கொள்வது அவசியம்.

எங்கே வெட்டுவது என்பதைவிட எப்போது வெட்டுவது என்பதிலேதான் எனது அபிப்பிராயம் பலரோடு மாறுபடுகிறது. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் டொராண்டோவின் பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. அதுவும் மேகம் மூடிய, கண்ணாடிக்குள் வடிந்து வருகிற மங்கல் பிரகாசம். அந்த வெளிச்சத்தில் கவாத்துச் செய்யப்பட்ட செடி, தன்னிடம் சேமிப்பாக இருந்த கொஞ்ச பலத்தையும் செலவிட்டு, கணுவுக்குக் கணு இடைவெளி நீண்ட, சோகை பிடித்த தளிரை விடும்; சிலசமயம் அதுவும் விடாது. உஷ்ண தேசத்துச் செடியாகையால், குளிர்காலத்திலே அது இலை உதிர்த்து ஓய்வு கொள்வதும் உண்டு. அதை இறந்ததென்று தூக்கி எறிந்தவர்கள் எத்தனையோ பேர். தண்டை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பார்த்து, உள்ளே பச்சை தெரிந்தால் ஜீவன் இருக்கிறது என்று கொண்டு, தண்ணீரைக் குறைத்துப் பொறுத்திருக்க வேண்டும். எல்.ஈ.டி. விளக்கு வைத்து நாளொன்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு மணி நேரம் எரிய விடுகிறவர்களுக்கு மாத்திரம் இதிலே சிறிது சலுகை உண்டு. அவர்கள் சமையலுக்கு வேண்டிய மட்டும் நுனி கிள்ளலாம், பெரிய வெட்டு அவர்களுக்கும் ஆகாது.

குளிர்காலத்திலே தயக்கமின்றி எடுக்க வேண்டியவை பழுத்த இலைகளும் மண்ணில் விழுந்து ஈரத்தில் அழுகுபவையும்தான். ஆனால் மஞ்சள் எல்லாம் ஒன்றல்ல. அடியிலுள்ள கிழ இலை முழுவதும் மஞ்சளித்தால் அது வயதாகவோ தழைச்சத்துக் குறைவாகவோ இருக்கலாம். நுனியிலுள்ள இளந்தளிர், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளிறினால் அது இரும்புச்சத்து வேருக்கு எட்டாத குறை, அந்த இலையைப் பறித்துப் பயனில்லை, மருந்து வேரில் இட வேண்டும். ஊர்ப் பழக்கப்படி மோர் ஊற்றுகிறவர்கள் செடியை முற்றத்துக்குக் கொண்டுபோன பிறகு ஊற்றுவார்களாக. மூடிய அறைக்குள் ஊற்றினால் நாற்றமும் சிறு ஈயும்தான் மிச்சம். ஹீற்றர் உலர்த்தும் காற்றிலே சிலந்திப்பேன் பெருகும், ஆகையால் இலையின் அடிப்புறத்தை வாரம் ஒருமுறை தண்ணீரால் கழுவுவது நல்லது. தண்டிலே ஒட்டியிருக்கும் பழுப்புச் செதில்களை நகத்தால் சுரண்டி எடுத்துவிடலாம்.

பெரிய கவாத்துக்கு உரிய காலம் மார்ச் நடுப்பகுதிக்குப் பிறகு, பகலும் இரவும் சமமாகி வெளிச்சம் விருத்தியாகும் வேளை. அப்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை அஞ்சாமல் எடுக்கலாம். உள்நோக்கி வளர்ந்து ஒன்றோடொன்று உராயும் மெல்லிய குச்சிகளையும் களையலாம். வெட்டியவுடன் வழக்கமான அளவு தண்ணீர் விடக்கூடாது, இலை குறைந்த செடி குடிப்பதும் குறைவு. எருவும் தளிர் கண்ட பிறகே. பிற்பாடு வெண்பூங்கொத்து தோன்றினால், விதை வேண்டாதவர்கள் அதைக் கிள்ளிவிடுவது இலைக்கு லாபம். மே மாதக் கடைசியிலே உறைபனிப் பயம் நீங்கியபின் முதலில் நிழலிலும், ஒரு வாரம் கழித்து வெயிலிலுமாக வெளியே வைத்து, செப்டெம்பரில் இரவின் உஷ்ணம் பத்துப் பாகையை நெருங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். வெளியே நிற்கும் அந்த மாதங்களில் செடி எவ்வளவு பறித்தாலும் தாங்கும். அக்கம்பக்கத்தாருக்கும் தாராளமாக முறித்துக் கொடுங்கள்.