டோனாவூர்ச் சித்திமார்

தேவிபட்டினம் முதல் உப்பூர் வழியாகத் தொண்டி வரையில் உள்ள கரையூர்களில், கடல் கடந்து பொருளீட்டி வீட்டுக்கு அனுப்பும் தந்தையர் இல்லாத தெருவைக் காண்பது அரிது. முற்காலத்தில் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போயினர். இக்காலத்தில் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகின்றனர். தொலைவிலிருந்து வரும் பொருள் ஒரு குழந்தையைக் காக்கும் என்பதும், பொருள் மட்டுமே காவாது என்பதும் இக்கரை மக்களுக்குப் பிறர் எடுத்துரைக்க வேண்டியவை அல்ல. வந்த பணத்தை அரிசியாகவும் பாடப் புத்தகமாகவும் மாற்றுவதற்கும், காய்ச்சல் கண்ட இரவில் பக்கத்தில் விழித்திருப்பதற்கும், தாயோ பாட்டியோ சித்தியோ வீட்டில் இருத்தல் வேண்டும். அங்ஙனமாயின், தம் வயிற்றில் பிறவாத குழந்தைகளுக்கு, தாம் ஒருகாலும் காணாத தேசத்திலிருந்து உதவி செய்வோர் எம்முறையில் உதவுதல் தகும்? இதனை ஆராய்வதற்கு திருநெல்வேலி ஜில்லாவிலேயே தக்கதோர் உதாரணம் இருக்கிறது.

களக்காட்டுக்கு அருகே, மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில் உள்ளது டோனாவூர். இஃது தமிழ்ப் பெயர்போல் ஒலித்தாலும், இதன் முற்பாதி ஐரோப்பாவிலிருந்து வந்தது. சர்ச் மிஷனெரி சங்கத்தைச் சார்ந்த ஜெர்மானியராகிய ரேனியுஸ் ஐயர் இவ்வூரை நிறுவினார். பிரஷ்ய தேசத்துத் தோனா பிரபு அனுப்பிய நன்கொடையால் இங்கே தேவாலயம் எழுந்தது. அப்பிரபு தென்னாட்டை வந்து கண்டவர் அல்லர். எனினும் கொடுத்தவரின் பெயர் ஊருக்கு நின்றுவிட்டது. கொடையாளர் பெயரை இடுவது அக்காலத்து வழக்கமே. அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அதே ஊரில் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்குப் பின் தோன்றிய பிள்ளைகள் இல்லம் முற்றிலும் வேறான ஒரு முறையைக் கைக்கொண்டது.

அவ்வில்லத்தைத் தோற்றுவித்த எமி கார்மைக்கேல் அம்மையார் 1867ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் அயர்லாந்தின் வடபாகத்தில் மில்லைல் என்னும் கடலோர ஊரிற் பிறந்தவர். பெல்பாஸ்ட் நகரத்து ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களிடையே இளமையில் தொண்டாற்றியவர். ஜப்பானிலும் சிறிது காலம் இலங்கையிலும் இருந்து, 1895இல் இந்தியாவுக்கு வந்து, அடுத்த ஆண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையை அடைந்தார். வந்தபோது பிள்ளைகள் இல்லம் அமைக்கும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. தமிழ்ப் பெண்கள் சிலரோடு ஊரூராகச் சென்று போதிப்பதே அவர் வேலையாக இருந்தது. 1901ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படுவதற்காக வைக்கப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பியோடி அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். முன்னொரு முறை ஓடிப்போனதற்காக அவளுடைய கைகளில் சூடு போடப்பட்டிருந்தது. அவள் வாய்ச்சொல்லால்தான் அவ்வழக்கத்தின் உள்விவரங்கள் அம்மையாருக்குத் தெரியலாயின. அதன் பின் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வந்தனர். 1913இல் சுமார் 130 பெண்பிள்ளைகள் இருந்தனர். 1918 முதல் ஆண்பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். இப்பொட்டுக்கட்டு வழக்கத்தைச் சென்னை மாகாணச் சட்டம் தடுத்தது 1947இல்தான்.

இவ்வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் அயர்லாந்து அம்மையார் ஒருவரையே முன்னிறுத்திவிடுகின்றனர். அவர் பெருமையை மறுப்பார் இல்லை. ஆயினும் இல்லத்தின் முதல் தொண்டர்கள் கடல் கடந்து வந்தவர்கள் அல்லர். பொன்னம்மாள் முதலிய தமிழ்ப் பெண்களே. பிறந்து சில நாளே ஆன சிசுக்கள் வந்து சேர்ந்தபோது அவற்றைக் காப்பது பெரும்பாடாயிற்று. தாய்ப்பால் இல்லை, டோனாவூரில் வைத்தியசாலையும் இல்லை. ஆகலின் நெய்யூரிலிருந்த லண்டன் மிஷன் வைத்தியசாலையின் அருகே சிசுக்களுக்கென்று ஒரு விடுதி அமைக்கப்பட்டது. இளம் வயதிலேயே கைம்மை எய்தியவராகிய பொன்னம்மாள் அதன் பொறுப்பை ஏற்றார். சிசுக்களைக் குளிப்பாட்டுதலும் மலத்துணி துவைத்தலும் படித்த பெண்ணுக்கு ஏற்ற வேலை என்று அக்காலத்தில் எவரும் கருதவில்லை. இறைவனுக்கு ஊழியம் செய்ய வந்தோம், ஆயா வேலைக்கா வந்தோம் என்னும் எண்ணம் உடன் வந்தோர் உள்ளத்திலும் எழுந்தது. நெய்யூரில் பரவிய நோயினால் பல சிசுக்கள் மாண்டன. அக்காலத்தும் பொன்னம்மாள் அவ்விடத்தைவிட்டு நீங்கினார் அல்லர். 1915இல் புற்றுநோயால் அவர் இறந்தபோது, இல்லத்தின் நடுத்தூண் ஒன்று சாய்ந்தது எனலாம்.

கடல் கடந்து வந்தோரை இல்லத்துப் பிள்ளைகள் அழைத்த முறை நாம் ஊன்றி நோக்கத்தக்கது. கார்மைக்கேல் அம்மையார் ‘அம்மா’. ஐரோப்பாவிலிருந்து வந்த பெண் தொண்டர் ஒவ்வொருவரும் ‘சித்தி’. தமிழ்ப் பெண் தொண்டர் ‘அக்காள்’. ஆண் தொண்டர், எந்நாட்டினராயினும், ‘அண்ணாச்சி’. வெள்ளைக்காரப் பெண்ணை ‘துரைசானி’ என்று விளித்து எட்டி நின்ற அக்காலத்தில், அவளைச் சித்தி என்று ஒரு சிறு பிள்ளை மடியைப் பற்றி இழுத்தது சிறு காரியம் அன்று. துரைசானிக்கு ஊரில் அதிகாரம் உண்டு. வேண்டும்போது ஊரைவிட்டுப் போகவும் அவளுக்கு உரிமை உண்டு. சித்திக்கோ உறவு உண்டு. உறவு உள்ளவள் சொல்லாமற் போய்விட முடியாது. சித்தி என்ற சொல்லுக்கு மாற்றாந்தாய் என்னும் கசப்பான பொருளும் நம் நாட்டில் உண்டு என்று சிலர் புன்னகை செய்யக்கூடும். அக்கசப்பை அறிந்தும் அச்சொல் அங்கே நிலைத்தது.

பெயர் மட்டும் இருந்து செய்கை இல்லாதிருந்தால் அது வெறும் நாடகமாயிருக்கும். வந்த பெண்கள் சேலை உடுத்தனர்; தமிழை முயன்று கற்றனர். சம்பளம் என்பது எவருக்கும் இல்லை. சில மாதம் தங்கி வேடிக்கை பார்த்துப் போவோரை அம்மையார் விரும்பவில்லை. வருவோர் ஆயுள் முழுவதையும் கொடுக்க ஆயத்தமாயிருத்தல் வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதினார். ஆண்பிள்ளைகளின் பொறுப்பை ஏற்ற காட்பிரே வெப்-பெப்லோ என்பவர் 1926இல் இல்லத்திற் சேர்ந்து 1949இல் இறக்கும் வரையில் அங்கேயே உழைத்தார். பல பிள்ளைகள் பிறந்த நாள் எது என்று அறியாதவர்கள்; ஆதலால் இல்லத்துக்கு வந்த நாளையே அவர்களுக்குத் திருநாளாகக் கொண்டாடினர். ஒரு பிள்ளையின் வந்த நாளை ஆண்டுதோறும் நினைவில் வைத்திருப்பதற்கு, ஆண்டுதோறும் அங்கே இருப்பவர் ஒருவர் வேண்டுமல்லவா?

இனி, வாராது தொலைவில் இருந்தவர்களைப்பற்றிச் சொல்லவேண்டும். இங்கிலாந்து, அயர்லாந்து முதலிய நாடுகளில் இருந்த நண்பர்கள் பொருளும் துணியும் கடிதமும் அனுப்பினர். இவர்களிடம் இல்லம் பணம் கேட்டதில்லை. இறைவனிடம் மட்டுமே கேட்பது என்பது அதன் உறுதி. இவ்வுறுதியை எல்லோரும் பின்பற்ற இயலுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. பணம் கேட்பது பாவம் அன்று. நம் கல்லூரிக் கட்டடங்களும் கேட்டுப் பெற்ற பணத்தால் எழுந்தவைதாம். ஆயினும் கேளாமையால் விளைந்த ஒரு நன்மையை மறுக்க முடியாது. கேட்க வேண்டாத இடத்தில், கேட்பதற்காகப் பிள்ளையின் துன்பத்தைப் பெரிதாக்கிக் காட்டவும் வேண்டுவதில்லை. கொடுத்தவர் மனம் குளிர வெற்றியைப் பெருக்கிச் சொல்லவும் வேண்டுவதில்லை.

அம்மையார் இதில் எவ்வளவு கண்டிப்பாக இருந்தார் என்பதற்கு அவருடைய நூல் ஒன்றே சான்று. தென்னாட்டு ஊழியத்தின் உண்மை நிலையை, தோல்விகளையும் மறையாமல் எழுதி இங்கிலாந்துக்கு அனுப்பினார். இவ்வளவு சோர்வூட்டும் செய்திகளை ஆதரவாளர் விரும்பமாட்டார்; சற்று மகிழ்ச்சியாக மாற்றி எழுதுக என்று கையெழுத்துப் பிரதி திரும்பி வந்தது. அவர் மாற்ற மறுத்துவிட்டார். பின்னர், உள்ளது உள்ளபடி என்னும் பொருள்படும் தலைப்புடன் 1903இல் அந்நூல் வெளிவந்தது. படித்தோர் பலர் நம்பவில்லை. பிற மிஷனெரிமாரின் சாட்சியங்களைச் சேர்த்து அடுத்த பதிப்பை வெளியிடவேண்டியதாயிற்று. அவரைத் திருப்பி அழைத்துக்கொள்ள வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. ஆதரவாளருக்கு இனிப்பதை எழுதுவதா, குழந்தைக்கு உண்மையாவதை எழுதுவதா என்ற இக்கேள்வி, தொலைவிலிருந்து பணம் பெறும் இல்லங்கள் யாவற்றுக்கும் இன்றளவும் உண்டு.

எல்லாம் குற்றமற்று நடந்தன என்று கூறுவதற்கில்லை. பிள்ளைகளுக்குப் புதுப் பெயர் இட்டனர். பிறந்த வீட்டாரோடு தொடர்பு அறுந்தது. சில பிள்ளைகளின் பொருட்டு நீதிமன்ற வழக்குகளும் நேர்ந்தன. ஆபத்திலிருந்து காப்பதற்கு மறைத்து வைத்தல் அன்று வேறு வழியில்லாததாகவும் இருந்திருக்கலாம். ஆனால் மதிலுக்குள் வளர்ந்த பிள்ளை மதிலுக்கு வெளியே உள்ள உலகை எங்ஙனம் எதிர்கொள்ளும் என்று கேட்ட அக்காலத்தவரை நாம் பகைவர் என்று தள்ளிவிடலாகாது. இதே பொட்டுக்கட்டு வழக்கத்தை எதிர்த்துச் சட்டசபையிலே போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1930இல் தம் வீட்டுக் கதவைத் தட்டிய சிறுமியரை ஏற்று ஔவை இல்லத்தைத் தொடங்கியபோது, சென்னை நகரத்தின் நடுவிலேயே, பலரறிய, தமிழ்ப் பெண்மணி ஒருவர் தலைமையில் அதனை நடத்தினார். டோனாவூர் தன் காலத்துக்குரிய ஒரு வழி. அதுவே ஒரே வழி அன்று.

டோனாவூர் இல்லமும் தன்னை அனுப்பிய சங்கத்தினின்று பிரிந்து 1927இல் தனி ஐக்கியமாயிற்று. தொலைவில் இருக்கும் குழு தீர்மானிப்பதா, பிள்ளையின் அருகே இருப்பவர் தீர்மானிப்பதா என்னும் நெடுநாட் பிணக்கு அப்பிரிவினைக்கு ஒரு காரணம். இன்று அதன் பொறுப்பு இந்தியர் கையில் இருக்கிறது. 1931இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து காலொடிந்த கார்மைக்கேல் அம்மையார், அதன் பின் பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்து, 1951ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் காலமானார். தம் கல்லறையின்மேல் கல் நாட்டலாகாது என்று சொல்லியிருந்தமையால், பிள்ளைகள் அவ்விடத்தில் பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றை அமைத்தனர். தோனா பிரபுவின் ஊரில் அவருக்கு வாய்த்த நினைவுச்சின்னம் அது.

இக்காலத்தில் நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. விமானத்தில் வந்து இரண்டு வாரம் அனாதைப் பிள்ளைகளோடு விளையாடிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் தொண்டர்கள் பல நாடுகளில் பெருகினர். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். பலர் இளைஞர், இளகிய மனத்தினர். ஆனால் பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால், மாதந்தோறும் ஒரு புதிய சித்தி வந்து கட்டியணைத்து மாதந்தோறும் பிரிந்து போகிறாள். முன்னமே ஒரு முறை கைவிடப்பட்ட பிள்ளைக்கு இது மீண்டும் மீண்டும் நேரும் கைவிடுதல். இவ்வழக்கம் பணம் கொண்டுவருவதால், பெற்றோர் உள்ள பிள்ளைகளையே வறுமை காட்டி இல்லங்களிற் சேர்க்கும் தீங்கும் சில நாடுகளில் மூண்டது. 2019ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, குழந்தை உரிமை பற்றிய தீர்மானத்தில், அனாதை இல்லங்களில் நடைபெறும் இத்தகைய தொண்டுப் பயணங்களின் தீங்கையும் எடுத்துக் கூறிற்று. நம் நாட்டு 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் இல்லத்தில் வைத்து வளர்ப்பதைக் கடைசி வழியாகவே கொள்கிறது. பிள்ளைகளை வைத்திருக்கும் இல்லம் எதுவாயினும் அச்சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருத்தல் வேண்டும்.

அயல்நாட்டில் வாழும் நம் பழைய மாணவர் சிலர் இத்தகைய இல்லங்களுக்கு உதவ விரும்புவர். அவர்கள் இல்லத்தாரைக் கேட்கவேண்டியது, எத்தனை பிள்ளைகள் உள்ளனர் என்பதினும், பிள்ளைகளைத் தூக்கி வளர்க்கும் பெண்கள் எத்தனை ஆண்டாக அங்கே இருக்கின்றனர், அவர்களுக்குக் கூலி ஒழுங்காகக் கிடைக்கிறதா, பெற்றோர் உள்ள பிள்ளையை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப என்ன முயற்சி நடக்கிறது என்பவை. ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கென்று பணம் கட்டி, அப்பிள்ளையின் படத்தையும் நன்றிக் கடிதத்தையும் எதிர்பார்ப்பதைவிட, அக்காள்மாரின் ஊதியத்துக்கும் பாலுக்கும் மருந்துக்கும் பொதுவாக அனுப்புவது நன்று. வாங்கியவர் முகத்தை அறியாமல் இருப்பது கொடுப்பவருக்குச் சற்றுக் கடினமே. ஆயினும் தன் உணவு யார் தயவால் வந்தது என்று நாள்தோறும் எழுதிக் கொடுப்பது பிள்ளைக்கு அதனினும் கடினம்.

சட்ட முறையிலும் ஒரு வேறுபாடு உண்டு. இந்தியக் குடியுரிமை உடையவர் வெளிநாட்டில் இருந்தாலும், தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் அயல்நாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. சிங்கப்பூர் முதலிய நாடுகளின் குடியுரிமையைப் பெற்றுவிட்டவர் அனுப்புவது, அவர் உப்பூரிலேயே பிறந்தவராயினும், அயல்நாட்டு நன்கொடையே ஆகும். அதனைப் பெறும் இல்லம் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிய பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அப்பணம் முதலில் புதுடெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கித் தலைமைக் கிளையில் இல்லத்தின் பெயரால் உள்ள கணக்குக்கே வருதல் வேண்டும். பெற்ற இல்லம் அதனை வேறொரு நிறுவனத்துக்குக் கைமாற்றிக் கொடுத்தலும் கூடாது. ஆகையால் பணம் அனுப்புமுன் இல்லத்தின் பதிவு எண்ணை எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்வது முறை.