மருத்துவச்சியின் கணக்கு

தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 100க்கு 99க்கும் மேல் மருத்துவமனைகளிலேயே நிகழ்வதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. அங்கே பிறக்கும் குழந்தைகளில் பலரை முதலில் கையில் ஏந்துபவர் நாம் 'சிஸ்டர்' என்று அழைக்கும் செவிலியரே. அவருடைய பதிவுச் சான்றில் செவிலியர் என்பதோடு மருத்துவச்சி என்றும் எழுதியிருக்கும். அந்த இரண்டாவது பெயரை நாம் மறந்துவிட்டோம்.

மருத்துவச்சியின் பணி, குழந்தையைக் கையில் வாங்குவதோடு முடிவதில்லை. பிரசவ வலி வலுத்தது முதல் 'பார்ட்டோகிராப்' என்னும் வரைபடத்தில் அவர் குறித்துவர வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை தாயின் நாடியையும் குழந்தையின் இதயத் துடிப்பையும் பார்ப்பார். குழந்தையின் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருப்பது இயல்பு. தாயின் வயிற்றின்மேல் கைவைத்து, 10 நிமிடத்தில் எத்தனை முறை வலி வருகிறது என்றும் எண்ணுவார். வரைபடத்தில் எச்சரிக்கைக் கோடு தாண்டினால் உடனே டாக்டரை அழைப்பார். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு ஆக்ஸிடோசின் ஊசி போடுவார். அது இரத்தப் பெருக்கைத் தடுக்கும்.

இப்போது நாம் ஒரு சிறு கணக்குப் போடுவோம். வலியை எண்ண ஒரு தாய்க்கு 10 நிமிடம் என்றால், 4 தாய்மாருக்கு 40 நிமிடம். ஆனால் அரைமணியில் இருப்பதோ 30 நிமிடம்தான்! ஒரே மருத்துவச்சி நால்வரைக் கவனிக்க நேர்ந்தால், அவர் எத்தனை திறமைசாலியானாலும் எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும். விட்டுப்போனது ஒரு குழந்தையின் இதயத் துடிப்பாக இருந்தால்? 'சிஸ்டர் கவனிக்கவில்லை' என்று குறை கூறுமுன், அந்த வார்டில் எத்தனை கைகள் இருந்தன என்று நாம் கேட்க வேண்டாமா?

2018-இல் இந்திய அரசு, செவிலியருக்கு 18 மாதச் சிறப்புப் பயிற்சி தந்து, இயல்பான பிரசவத்தைத் தாமே பொறுப்பேற்று நடத்தும் மருத்துவச்சிகளை உருவாக்க நெறிமுறை வகுத்தது. இது நல்ல தொடக்கம். பொறுப்போடு போதிய ஆட்களும் ஓய்வும் சேர்ந்தால்தான் அது பலன் தரும்.

எபிரேய ஆண் குழந்தைகளைக் கொல்லும்படி எகிப்து மன்னன் கட்டளையிட்டபோது, இரண்டு மருத்துவச்சிகள் கடவுளுக்கு அஞ்சி மறுத்துவிட்டனர். விடுதலைப் பயண நூல் அந்த மன்னனின் பெயரைச் சொல்லவில்லை. சிப்ரா, பூவா என்று அந்த மருத்துவச்சிகளின் பெயர்களைத்தான் சொல்கிறது. நம்மை முதலில் ஏந்திய கைகள் யாருடையவை? இன்று வீட்டுக்குப் போனதும் அன்னையரிடம் கேட்போம், தோழியரே!